ஊழும் தடுப்புக் கதவும்

பெருநகரத்து ரயில் நிலையங்களில் பிளாட்பாரத்தின் விளிம்பு என்பது, மனிதன் மரணத்துக்கு மிக அருகே சென்று, சென்றோம் என்ற பிரக்ஞையே இல்லாமல் நாள்தோறும் திரும்பி வருகிற ஓர் இடமாகும். மலையுச்சியில் நிற்பவனுக்குக் கால் கூசும். வெள்ளம் புரளும் ஆற்றங்கரையில் நிற்பவனுக்கு நெஞ்சு துணுக்குறும். ஆனால், ஒரு மீட்டருக்குச் சற்றே கூடிய உயரமுள்ள மேடையின் ஓரத்தில், கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு, பின்னால் நெருக்கும் பெருங்கூட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி நிற்பவனுக்கு யாதொரு அச்சமும் தோன்றுவதில்லை. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியை, ஓட்டுநர் எவ்வளவு விரைந்து பிரேக்கைப் பிடித்தாலும், நூறு மீட்டருக்குள் நிறுத்திவிட முடியாது என்பதும், தண்டவாளத்தில் ஓடுகிற வண்டிக்கு ஒதுங்கிப் போக இடமில்லை என்பதும் அவன் அறியாதவை அல்ல, அறிந்தும் நினையாதவை. ஜப்பானில் கண்பார்வை இல்லாதவர்கள் ரயில் மேடையைக் கைப்பிடிச் சுவரில்லாத பாலம் என்று நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். அந்நாட்டின் ஒகயாமா நகரத்துச் சாலையொன்றில் 1967-ஆம் ஆண்டு முதன்முதலாகப் பதிக்கப்பட்ட புடைப்பு ஓடுகள், இன்று மஞ்சள் நிறத்தில் உலகெங்கும் ரயில் மேடைகளின் ஓரத்தில் ஓடுகின்றன. காலுக்குத் தட்டுப்படுகிற அந்தப் புடைப்புகளால் எத்தனையோ பேர் நலம் அடைந்திருக்கிறார்கள். எனினும், அவை எச்சரிக்குமே அன்றித் தடுக்கமாட்டா.

எச்சரிப்பது உபதேசம்; தடுப்பது ரட்சணை. மேடையின் ஓரம் நெடுகக் கண்ணாடிச் சுவர் எழுப்பி, வண்டி வந்து நின்று, அதன் கதவும் சுவரின் கதவும் நேருக்கு நேர் பொருந்திய பிறகே இரண்டும் சேர்ந்து திறக்கும்படி அமைத்துவிட்டால், கூட்டம் நெருக்கினாலும், பசி மயக்கத்தில் தலை சுற்றினாலும், குடித்தவன் தடுமாறினாலும், எவனேனும் வஞ்சம் வைத்துத் தள்ளினாலும், தண்டவாளத்தில் ஆள் விழுவதற்கு வழியில்லை. லெனின்கிராடு நகரின் பார்க் பபேதி நிலையத்தில் 1961-ஆம் ஆண்டிலேயே இத்தகைய கதவுகள் அமைந்துவிட்டன. அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும், உலகத்து ரயில் மேடைகளில் பெரும்பாலானவை திறந்தே கிடக்கின்றன. பணமின்மை ஒரு காரணம். பழைய நிலையங்களின் கட்டமைப்பு மற்றொரு காரணம். ஆனால், இவ்விரண்டுக்கும் அடியில், யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு சித்தாந்தமும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கோடு போட்டாயிற்று, பலகை வைத்தாயிற்று, ஒலிபெருக்கியில் ஓயாமல் சொல்லியுமாயிற்று. இதற்கு மேலும் ஒருவன் விழுந்தால், அவன் தன் அஜாக்கிரதையால் விழுந்தான், அல்லது தன் விதியால் விழுந்தான். எப்படியானாலும் பொறுப்பு அவனுடையதே என்பதுதான் அந்தச் சித்தாந்தம். இது சரிதானா என்பதே இங்கே விசாரிக்கத்தக்கது.

இப்படிப்பட்ட விசாரணைகளில் நம்மவரிடையே முதலில் வந்து சாட்சிக் கூண்டில் ஏறுவது விதி. யாருக்கு எங்கே முடிவென்று விதித்திருக்கிறதோ அங்கே அது வந்தே தீரும், கண்ணாடிக் கதவு அதை மறிக்குமா என்று கேட்பவர்கள் படியாதவர்கள் மட்டுமல்லர். ஆனால், அவ்வாறு கேட்கிற பெரியவர், கைப்பிடிச் சுவரில்லாத மொட்டை மாடியில் தம் பேரன் பட்டம் விடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார் என்பதை நாம் அறிவோம். தம் குழந்தைக்கு முயற்சியையும் ஊரார் குழந்தைக்கு விதியையும் வைத்துக்கொள்வது வேதாந்தம் ஆகாது. யோக வாசிஷ்டத்தில் வசிஷ்டர் இராமனுக்குச் செய்கிற உபதேசத்தின் தொடக்கப் பகுதி முழுவதும், தெய்வச் செயல் என்று சொல்லப்படுவது முன்பு செய்த முயற்சியின் பயனே அன்றி வேறல்ல என்பதையும், இன்றைய முயற்சி வலிதாயின் பழையதை அது வென்றுவிடும் என்பதையும் வற்புறுத்துவதிலேயே செல்கிறது. கர்மக் கொள்கையை உடன்பட்டு நின்றே ஒருவன் கதவு கட்டலாம்; அதற்காக அவன் நாத்திகனாக வேண்டியதில்லை. விதியை நினைத்து ஆறுதல் அடைவதற்கு இழந்தவர்களுக்கு உரிமை உண்டு. தடுத்திருக்கக் கூடியவர்களுக்கு அந்த உரிமை கிடையாது. மகனைப் பறிகொடுத்த தாய் விதி என்று சொல்லி அழும்போது நாம் தலைகுனிந்து நிற்கிறோம். அதையே ஓர் அதிகாரி விசாரணைக் குறிப்பில் எழுதினால், அது தத்துவமன்று, தட்டிக்கழித்தல்.

விதிக்கு அடுத்தபடியாக வீரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2001-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் தேதி மாலையில், டோக்கியோ நகரைச் சுற்றி ஓடும் யாமனோத்தே தடத்தின் ஷின்-ஒகுபோ நிலையத்தில், மது அருந்தியிருந்த ஒருவர் மேடையிலிருந்து தவறித் தண்டவாளத்தில் விழுந்தார். அவரைத் தூக்கிவிடும் பொருட்டுக் கொரியாவிலிருந்து படிக்க வந்திருந்த 26 வயது மாணவர் ஒருவரும், ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் ஒருவரும் கீழே குதித்தார்கள். வண்டி வந்துவிட்டது. மூவரும் மாண்டார்கள். விழுந்தவர் யார், எவ்வூர், நல்லவரா, நன்றியுடையவரா என்பதொன்றையும் அறியாமல், ஓர் உயிர் என்ற ஒரே உறவை முன்னிட்டு இருவர் தம் உயிரைக் கொடுத்த அச்செய்தி, 1945 வரையில் கொரியாவை அடக்கி ஆண்ட ஜப்பானுக்கும், அந்த வடு இன்னும் ஆறாத கொரியாவுக்கும் இடையே ஒரு புதிய நெகிழ்ச்சியை உண்டாக்கிற்று. அந்நிலையத்தில் இருவருடைய நினைவாகவும் ஜப்பானிய மொழியிலும் கொரிய மொழியிலும் எழுதிய கல்வெட்டு இன்றும் இருக்கிறது. ஜீவகாருண்யம் என்று நம் பெரியோர் போற்றியதற்கு இதைவிடத் தூய உதாரணம் வேண்டுவதில்லை.

ஆயினும், இத்தகைய தியாகத்தைப் புகழ்வதில் ஓர் அபாயம் உண்டு. புகழ்வதற்குச் செலவில்லை, கதவு போடுவதற்குச் செலவுண்டு. வீரனுக்குக் கல் நட்டுவிட்டால், அந்த வீரம் ஏன் தேவைப்பட்டது என்ற கேள்வியை அந்தக் கல்லே மறைத்துவிடக் கூடும். அவ்விருவரும் குதித்த இடத்தில் ஒரு சுவர் இருந்திருந்தால், அவர்கள் அன்று வழக்கம்போல் வண்டியேறி வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். விழுந்தவரும் சுவரின்மேல் சாய்ந்து, சற்றுத் தள்ளாடி, எதையும் அறியாமல் போயிருப்பார். எவரும் எவருக்கும் கல்வெட்டு எழுதியிருக்க மாட்டார்கள். காப்பாற்றியவர் இன்னாரென்று காப்பாற்றப்பட்டவருக்குத் தெரியாது. அது மாத்திரமன்று, தாம் காப்பாற்றப்பட்டோம் என்பதே அவருக்குத் தெரியாது. பலனை எதிர்பாராமல் செய்யும் கர்மத்தைப் பற்றி நாம் எவ்வளவோ பேசுகிறோம். நன்றி என்பது பிறப்பதற்கே இடமில்லாதபடி செய்யப்படும் உபகாரம் இந்தக் கதவைப்போல் வேறு சிலவே. வீரத்தைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. அந்த மாணவர் செய்ததை அந்தக் கணத்தில் வேறு எதுவும் செய்திருக்க முடியாது. ஆனால், தனி மனிதன் உயிரைக் கொடுத்துச் செய்யவேண்டி வந்ததைச் சமூகம் பொருளைக் கொடுத்துச் செய்திருக்கலாம் என்ற நிலை இருக்கும்போது, அவனுடைய மேன்மை எவ்வளவு உயர்கிறதோ, நம்முடைய வெட்கமும் அவ்வளவு உயர வேண்டும். அச்சம்பவத்துக்குப் பிறகு ஜப்பான் அரசாங்கம் அபாய காலத்தில் வண்டியை நிறுத்தும் பொத்தான்களையும், மேடைக்கடியில் ஒதுங்கிக்கொள்ளும் இடங்களையும் அமைக்கும்படி ரயில் நிறுவனங்களைப் பணித்தது. யாமனோத்தே தடத்தில் முதல் தடுப்புக் கதவுகள் எபிசு நிலையத்தில் 2010-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வந்தன. இடையில் ஒன்பது ஆண்டுகள்.

இவ்விடத்தில் பெரிய புராணத்துச் சோழ அரசனொருவன் நினைவுக்கு வருகிறான். திருவாரூர் வீதியில் அரசகுமாரன் தேரூர்ந்து வருகையில், ஓர் இளங்கன்று துள்ளியோடித் தேர்க்காலில் அகப்பட்டு மடிகிறது. தாய்ப்பசு அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணியை அசைக்கிறது. அமைச்சர்கள், அறியாமல் நேர்ந்த கொலைக்கு நூல்களில் சொன்ன பிராயச்சித்தம் உண்டென்கிறார்கள். மனுநீதிச் சோழன் அதை ஏற்கவில்லை. அவன் மகனைத் தேர்க்காலில் இட்ட கொடிய நீதியை மாத்திரமே நாம் பள்ளிக்கூட நாளிலிருந்து நினைவில் வைத்திருக்கிறோம். அதற்கு முன்னே அமைச்சர்களுக்கு அவன் சொல்லுகிற மறுமொழியில், நாட்டில் வாழும் உயிர்களுக்கு வரக்கூடிய அச்சங்கள் ஐந்தென்று எண்ணி, அரசனாகிய தன்னால் வருவது, தன்னைச் சூழ்ந்த பரிவாரத்தால் வருவது, பகைவரால் வருவது, கள்வரால் வருவது, பிற உயிர்களால் வருவது ஆகிய ஐந்தையும் தீர்த்துக் காப்பவனே காவலன் என்று சேக்கிழார் அவன் வாயில் வைக்கிறார். பகைவரையும் கள்வரையும் பின்னே தள்ளி, ஆள்பவனாலேயே வரும் அச்சத்தை முதலில் வைத்த அந்த வரிசை ஆழ்ந்து சிந்திக்கத் தக்கது.

ரயில் மேடையில் நிற்பவனை நோக்கி வருகிற ஆபத்து எங்கிருந்து வருகிறது? மின்னல்போல் வானத்திலிருந்து வருவதன்று. பாம்புபோல் புற்றிலிருந்து வருவதன்று. பாதை போட்டவர், வண்டி வாங்கியவர், நேர அட்டவணை வகுத்தவர், டிக்கெட் விற்று அவனை அந்த விளிம்புக்கு அழைத்து வந்தவர் எல்லாரும் ஆள்பவரே, அல்லது ஆள்பவரின் அனுமதி பெற்றவரே. ஆகவே இது அந்த வரிசையில் முதலாவது அச்சம். வேகமாகச் செல்லும் ஒரு சாதனத்தை மக்களிடையே கொண்டுவந்து விட்டவர், மக்கள் எல்லாக் காலத்திலும் விழிப்புடன் இருப்பார்கள் என்று எதிர்பார்ப்பது, கன்று துள்ளாது என்று எதிர்பார்ப்பதற்குச் சமம். துள்ளுவது கன்றின் இயல்பு. களைப்பதும், மறதி கொள்வதும், கூட்டத்தில் தடுமாறுவதும் மனித இயல்பு.

அந்தக் கதையில் அரசகுமாரனுக்கும் ஒரு பங்கு உண்டு. வேண்டுமென்று கொன்றவனல்லன், ஆயினும் கன்றைக் கண்டு அவன் பட்ட துயரத்தைச் சேக்கிழார் விரித்துச் சொல்லுகிறார். ரயில் ஓட்டுநரின் நிலையும் அதுவே. தண்டவாளத்தில் விழுந்தவனைக் கண்ணால் பார்த்து, பிரேக்கைப் பிடித்துவிட்டு, மேற்கொண்டு செய்வதற்கு ஒன்றுமில்லாமல் அந்தச் சில விநாடிகளைக் கடக்கிற அவன், எண்ணத்தால் குற்றமற்றவன், செயலால் கருவியானவன். சங்கல்பம் இல்லாத இடத்தில் பாபம் இல்லை என்று சாஸ்திரம் அவனுக்குச் சமாதானம் சொல்லலாம். இரவில் கண் மூடும்போது அந்தச் சமாதானம் துணைக்கு வருமா என்பது சந்தேகம். கதவு காப்பது இருவரை. ஒருவனைச் சாவிலிருந்தும், மற்றொருவனை அந்தச் சாவுக்குக் கருவியாவதிலிருந்தும். திருவாரூரில் இறைவன் அருளால் கன்றும் மைந்தனும் உயிர்பெற்று எழுந்தார்கள். நம் ரயில் நிலையங்களில் அப்படி நேர்வதில்லையாகையால், பின்னே வரும் நீதியைக் காட்டிலும் முன்னே வரும் காவலையே நாம் நம்ப வேண்டியிருக்கிறது.

இனி, சுதந்திரத்தின் பெயரால் எழும் ஆக்ஷேபம் ஒன்று உண்டு. வயதுவந்த மனிதனைக் குழந்தைபோல் பாவித்து, அவன் கால் போகும் இடத்தையெல்லாம் சுவரெழுப்பி மறிப்பது அவனுடைய கௌரவத்துக்கு இழுக்கல்லவா? சுதந்திரத்துக்காகவே நூலெழுதிய ஜான் ஸ்டூவர்ட் மில், 1859-இல் வெளியான அந்த நூலிலேயே இதற்கு விடை சொல்லியிருக்கிறார். உளுத்துப்போன பாலத்தின்மேல், அதன் நிலை தெரியாமல் ஒருவன் கால்வைக்கப் போகையில், எச்சரிக்க அவகாசமில்லாவிட்டால் அவனைப் பிடித்து இழுத்து நிறுத்துவது அவன் சுதந்திரத்தில் தலையிடுவது ஆகாது. ஏனெனில், ஆற்றில் விழ வேண்டுமென்பது அவன் விருப்பமே அன்று என்பது அவருடைய வாதம். தவறி விழுபவனைப் பொறுத்தமட்டில் இந்த வாதம் முடிந்த முடிபு.

தவறி விழாமல், துயரத்தின் மிகுதியால் தானே வந்து நிற்பவனைப் பற்றியது கடினமான பாகம். இங்கே தடுத்தால் வேறெங்கோ போவான், ஆகையால் பயனில்லை என்று சொல்லப்படுவதுண்டு. இது தத்துவம்போல் தோன்றினாலும் உண்மையில் ஓர் அனுமானமே. அந்த அனுமானத்தைப் பிரத்தியட்சம் பொய்யாக்கிவிட்டது. அமெரிக்காவின் கோல்டன் கேட் பாலத்தில் 1937-க்கும் 1971-க்கும் இடையே தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேரின் பிற்கால வாழ்வைத் தேடி ஆராய்ந்த ரிச்சர்ட் செய்டன், அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவர்கள் அம்முயற்சியை மறுபடி செய்து மாளவில்லை என்று 1978-இல் எழுதினார். சியோல் நகரத்தில் 2009-ஆம் ஆண்டின் முடிவுக்குள் சுரங்க ரயில் நிலையங்களில் கதவுகள் அமைந்தபின், அந்நிலையங்களில் அவ்வகை மரணங்கள் 89 சதவிகிதம் குறைந்ததாகக் கொரிய, ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2016-இல் கண்டறிந்தார்கள். மனம் சஞ்சலமானது என்று ஆயிரம் முறை படித்திருக்கும் நமக்கு இதில் வியப்பு வேண்டியதில்லை. சாக வேண்டும் என்ற அந்தக் கணத்து எண்ணத்தை மனிதனின் முழு சித்தம் என்று கொள்வது, அலையைக் கடலென்று கொள்வதாகும். அவனுடைய நாளைய மனம் இன்று வாய்திறக்க முடியாது. அதன் சார்பில் யாரேனும் நிற்க வேண்டும். கதவு நிற்கிறது. கதவோடு நின்றுவிடாமல், கேட்கும் செவியும் பேசும் துணையும் அவனுக்குக் கிடைக்க வேண்டும் என்பது தனியே சொல்ல வேண்டிய பெரிய விஷயம்.

நல்ல காரியம் எந்த எண்ணத்தால் நடக்கிறது என்பதில் சில சமயம் வேடிக்கையும் உண்டு. சிங்கப்பூரில் 1987-ஆம் ஆண்டு துரித ரயில் ஓடத் தொடங்கியபோதே சுரங்க நிலையங்களில் உயரமான கதவுகள் இருந்தன. அங்கே குளிரூட்டிய காற்று வீணாகாமல் காப்பது அவற்றின் முக்கியமான வேலைகளுள் ஒன்று. தரைக்கு மேலே, காற்று இலவசமாக வீசும் நிலையங்களில், இடுப்பளவோ சற்று மேலோ வரும் கதவுகள் 2009-க்கும் 2012-க்கும் இடையில்தான் வந்து சேர்ந்தன. நம் சென்னை மெட்ரோவின் முதற் கட்டத்திலும் சுரங்க நிலையங்களுக்குக் கதவு உண்டு, மேம்பால நிலையங்களுக்கு இல்லை. குளிர்ந்த காற்றுக்குக் கிடைத்த காவல் மனிதனுக்குக் கிடைக்கச் சற்றுத் தாமதமாகிறது என்று சொன்னால் பொறியாளர்கள் கோபிப்பார்கள்; கோபித்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

கதவைப் பற்றி இவ்வளவு புகழ்ந்தபின், கதவே உயிர் வாங்கிய கதையையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மேலே சொன்ன அதே சியோல் நகரத்தில், குஇ நிலையத்தில், 2016-ஆம் ஆண்டு மே 28-ஆம் தேதி, பழுதுபட்ட தடுப்புக் கதவு ஒன்றைத் தண்டவாளப் பக்கமாக நின்று தனியே செப்பனிட்டுக்கொண்டிருந்த 19 வயதுத் தொழிலாளி ஒருவன், வந்த வண்டிக்கும் கதவுக்கும் இடையே அகப்பட்டு இறந்தான். அவன் ரயில் நிறுவனத்தின் நேரடி ஊழியனல்லன், ஒப்பந்தக்காரரின் ஆள். இருவர் சேர்ந்தே அந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று விதி இருந்தது. இருவரை அனுப்ப ஆளில்லை. அவனுடைய பையில், உண்ண நேரமில்லாமல் வைத்திருந்த, வெந்நீர் ஊற்றித் தின்னும் நூடுல்ஸ் டப்பா ஒன்று, கருவிகளோடு கிடந்தது. மறுநாள் அவன் பிறந்த நாள். நகரத்து மக்கள் திரண்டு வந்து, அந்தக் கதவின் கண்ணாடியெங்கும் சிறு காகிதத் துண்டுகளில் தங்கள் துயரத்தை எழுதி ஒட்டினார்கள்.

இந்த மரணம் நம் விசாரணையில் ஒரு திருத்தத்தைச் செய்கிறது. மனிதருக்குக் காவலாகக் கதவைச் செய்துவிட்டு, கதவுக்குக் காவலாக ஒரு மனிதனைக் குறைந்த கூலிக்குத் துணையில்லாமல் நிறுத்தினால், ஆபத்து நீங்கியதாக ஆகாது. ஆயிரம் பேர் தலையிலிருந்து இறக்கி ஒருவன் தலையில், அதுவும் மறுத்துச் சொல்ல வலிமையற்ற ஒருவன் தலையில், வைத்ததாகவே ஆகும். பலர் நலத்துக்காக ஒருவனைப் பலியிடலாமா என்ற பழைய கேள்வியை இங்கே எழுப்புவது கூட வீண் பெருமை. ஏனெனில் இங்கே பலியிட்டது பலர் நலத்துக்காக அன்று, இரண்டாவது ஆளின் சம்பளத்தை மிச்சம் பிடிப்பதற்காக. மனுநீதிச் சோழன் எண்ணிய அச்சங்களில் இரண்டாவது, பரிவாரத்தால் வருவது. ஒப்பந்தக்காரன் என்பவன் இக்காலத்துப் பரிவாரம்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. வெவ்வேறு நிறுவனங்களின் வண்டிகள் வெவ்வேறு எண்ணிக்கையுள்ள கதவுகளோடு ஒரே மேடைக்கு வருவதால் தடுப்புக் கதவு பொருந்தாது என்ற காரணம் டோக்கியோவிலும் நெடுநாள் சொல்லப்பட்டது. அசகுசா தடத்தில் வண்டியின் கதவுகள்மேல் கியூஆர் குறிகளை ஒட்டி, மேடையிலுள்ள கேமரா அவற்றைப் படித்து, எந்த வண்டிக்கு எந்தக் கதவு திறக்க வேண்டுமென்று தீர்மானிக்கும்படி செய்துவிட்டார்கள். மனம் இருந்தபோது யுக்தியும் பிறந்தது. பணத்துக்கும் வழி கண்டார்கள். 2023-ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் டோக்கியோ வட்டாரத்தில் பயணமொன்றுக்கு 10 யென் கட்டணத்தோடு கூட்டி, தடுப்புக் கதவு, மின்தூக்கி முதலிய வசதிகளுக்கென்று வசூலிக்கத் தொடங்கினார்கள். முன்பின் அறியாத ஒருவன் விழாமலிருக்க ஒவ்வொருவரும் சிறுதுளி கொடுக்கிறார்கள். கொடுத்தவனே அந்த ஒருவனாகவும் இருக்கக் கூடும்.

சென்னையின் புறநகர் ரயில் மேடைகளும் பறக்கும் ரயில் மேடைகளும் இன்றைக்கும் முழுவதும் திறந்தே இருக்கின்றன. 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் பரங்கிமலை நிலையத்தில் கல்லூரி மாணவி ஒருத்தி ஓடும் ரயிலின் முன்னே தள்ளிக் கொல்லப்பட்டாள். தள்ளியவனைச் சட்டம் தண்டித்தது. மேடை அப்படியே இருக்கிறது. கதவு அமைப்பதற்கென்று டிக்கெட்டில் ஒரு ரூபாய் கூட்டப்படும் நாள் வருமானால், வாசகர்கள் அதை முணுமுணுக்காமல் கொடுக்க வேண்டும் என்பதும், கொடுத்த ரூபாய் கதவுக்கு மட்டுமன்றி அதைச் செப்பனிடப் போகிற தொழிலாளியின் பக்கத்தில் நிற்க வேண்டிய இரண்டாவது ஆளுக்கும் போய்ச் சேருகிறதா என்று விடாமல் கணக்குக் கேட்க வேண்டும் என்பதும் என் விண்ணப்பம்.